தவணை கடந்த சாச்சி

எங்கள் சாச்சி ஒரு வீட்டுக்கு விருந்தாகப் போனால், வாசலில் கால் கழுவும்போதே எப்போது திரும்பிப் போவார் என்பதைச் சொல்லிவிடுவார். சாச்சி என்றால் என் உம்மாவின் தங்கை. அவர் காத்தான்குடியில் இருந்தார், நாங்கள் ஏறாவூரில். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை எங்களைப் பார்க்க வருவார். சலாம் சொன்ன வாயோடு, செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டுக் கிளம்புவேன் என்பார். உம்மாவுக்குக் கோபம் வரும். கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வந்து வண்டிக்காரனிடம் பேசுகிற மாதிரி நாள் பேசுகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் மீன் அறுப்பார். செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் யார் கையைப் பிடித்தாலும் சாச்சி நிற்கமாட்டார்.

ஒரு மாரிகாலத்தில் அவர் சொன்ன நாளன்று மழை பேய் மாதிரி ஊற்றியது. வாப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சாச்சி ஒரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். தன்னாமுனையில் வண்டிச் சில்லு சேற்றில் இறங்கிவிட்டது. வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, ஆளை அழைத்துக்கொள்ளுங்கள் என்றான். வாப்பா குடையோடு போனார். சாச்சி அசையவில்லை. திரும்பி வந்தால் அது இன்னொரு விருந்தாகிவிடும், அதற்கு நான் நாள் சொல்லவில்லையே என்றாராம். நனைந்த வைக்கோலின் மேல் குந்தியிருந்து, மழை விட்ட பிறகு வேறு வண்டி பிடித்துத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு நனைந்த கதையை வாப்பா பல வருசம் சொல்லிச் சிரித்தார்.

"சொன்ன நாளுக்கு மேல இரிந்து திண்ட சோறு வயித்துல நிக்காது." இது சாச்சி அடிக்கடி சொல்லும் வாசகம். நாங்கள் சிறுபிள்ளைகள் அவரைப் போலவே கழுத்தை நீட்டி இதைச் சொல்லிக் காட்டுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் தறி நெய்கிறவர். கலியாணமாகிச் சில வருசத்திலேயே கணவர் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார், பிள்ளை இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் தறி போட்டுத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டார். ஊரில் மற்றத் தறிக்காரரிடம் உடுக்கச் சாரன் கேட்டால் நாளைக்கு வா, நாளன்றைக்கு வா என்று பெருநாள் தாண்டும்வரை இழுப்பார்கள். சாச்சி ஒரு நாள் சொல்வார். அந்த நாளில் போனால் சாரன் மடித்துத் தயாராகக் கிடக்கும். அதனால் அவரை மெச்சினவர்களைவிடத் திட்டின தறிக்காரர்கள்தான் அதிகம்.

பிறகு, வயிற்றில் சோறு நிற்காத வருத்தம் அவருக்கே வந்தது. தின்றதெல்லாம் வெளியே வந்தது. ஆள் நூலாக இளைத்தார். நாட்டுப் பரிசாரியார் வயிற்றுக் குன்மம் என்று சூரணம் கொடுத்தார். சாச்சிக்கு வேறு சந்தேகம். எந்த வீட்டில் நாள் தாண்டி இருந்துவிட்டேன் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். படுத்துக்கொண்டே உம்மாவிடம் கேட்பார், உன் கலியாணத்துக்கு வந்தபோது ஒருநாள் கூடுதலாக நின்றேனா, மூத்தவன் பிறந்தபோது நின்றேனா என்று. உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவார்.

புளியந்தீவு ஆஸ்பத்திரியில் வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர், உடனே கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்போது ரயில் வந்துவிட்ட காலம். வாப்பாவும் உம்மாவும் கூட்டிப்போனார்கள். இரைப்பையில் புற்று என்றார்கள். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கதிரவெளியைச் சேர்ந்த ஒரு மீன்காரப் பெண். அவருக்கும் அதே வருத்தம், அதே வெட்டு. இரண்டு பேரும் சேர்ந்தே ரயிலில் திரும்பினார்கள். வயிற்றைக் கிழித்த பிறகு ஒரு மனுசி நடந்து வருவதைப் பார்க்க எங்கள் ஊரே ஸ்டேசன்வரை திரண்டு வந்தது.

கொழும்பிலிருந்து புறப்படும்போது பெரிய டாக்டர் சொன்னதை ஒரு நர்ஸ் தமிழில் எடுத்துச் சொன்னார். இந்த வருத்தத்துக்கு வயிற்றை அறுத்துக்கொண்டவர்களை ஐந்து வருசம் வரைக்கும் பார்ப்போம், அந்த ஐந்து வருசத்தைத் தொடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான், நீங்களும் இடைக்கிடை வந்து காட்டிப் போகவேண்டும் என்றார். நர்ஸ் சொன்னது சரி. ஆனால் கேட்டவர் என் வாப்பா. படுவான்கரையில் வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல் விளைவிக்கிறவர். அவரிடம் யாராவது இத்தனை வருசம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு ஆளுக்கென்று சொல்லாமல், ஒரு கூட்டத்துக்கென்று மொத்தமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? டாக்டர் ஐந்து வருசம் தவணை தந்திருக்கிறார் என்று வாப்பா வந்து சொன்னார். உம்மா தலையில் கை வைத்தார். சாச்சி மட்டும் விரலை மடித்து எண்ணிவிட்டு, "அஞ்சு வருசமா? எனக்கு அது தாராளமாக் காணும்" என்றார்.

கதிரவெளிப் பெண் அடுத்த மாரிக்கு இருக்கவில்லை. செய்தி வந்தபோது சாச்சி இரக்கப்பட்டார். அவவுக்குத் தவணை குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் போல, எனக்கு எவ்வளவு தாராளமாகத் தந்திருக்கிறார்கள் என்றார். கொழும்புக்குத் திரும்பப் போய்க் காட்ட அவர் சம்மதிக்கவேயில்லை. தந்ததற்கு மேல் கேட்கிற மாதிரி ஆகிவிடுமாம்.

அந்த ஐந்து வருசத்தை அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு சின்னக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்றார். மூன்றாம் வாய்க்கு மேல் ஒரேயடியாக இறங்காது. நெய்தார், தொழுதார், ஏலாமல் விட்ட நோன்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். இறந்த பிறகு சுற்றுவதற்கான தன் கபன் துணியைத் தானே நெய்து, கற்பூரம் போட்டுப் பெட்டியில் வைத்தார். அவசர அவசரமாக எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னதும் அவர்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தனக்குப் பிள்ளை இல்லாததால் தன் வீட்டை எனக்குச் சீதனமாக எழுதிவிட்டு, தறிக்கொட்டிலுக்குள் ஒரு பாயை விரித்துக்கொண்டார். எனக்கு அப்போது பதினேழு வயது. கலியாணம் முடிந்ததும் காத்தான்குடியில் அந்த வீட்டுக்கே குடிவந்தேன். நான்கு அறை வீடு, முற்றத்தில் மாதுளை, கிணறு. சாச்சி எப்போது மவுத்தாவார் என்ற கணக்கோடு சேர்த்துத்தான் அந்தச் சந்தோசம் எனக்கு வந்தது. அதை அப்போது நான் ஒரு குற்றமாக நினைக்கவில்லை.

உயிருக்குத் தவணை வைப்பவன் அல்லாஹ் ஒருவன்தான், டாக்டர் யார் என்று எங்கள் பள்ளிவாசல் லெவ்வை கோபப்பட்டார். நல்ல பேச்சுத்தான். ஆனால் ஐந்தாம் வருசம் பிறந்ததும் அதே லெவ்வை, அடுத்த பெருநாளுக்கும் சேர்த்து இரண்டு சாரன் இப்போதே நெய்து தரச் சொல்லிவிட்டார்.

தவணை முடிகிற மாதத்தில் சாச்சி வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கக் கேட்டார். மக்கத்துக்குப் போகிறவர்கள் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். சாச்சி தெருத் தெருவாக நடந்தார். பேசியிருந்தால், ஏசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஊர் அழுதது. இருபது வருசம் அவரோடு பேசாதிருந்த பக்கத்துத் தறிக்காரர் கையைப் பிடித்து அழுதார். எத்தனையோ வீட்டிலிருந்து பலகாரமும் கோழியும் வந்தன. மூன்று வாய் தின்கிறவருக்கு வந்ததையெல்லாம் நானும் என் கணவரும்தான் தின்றோம்.

கடைசி நாள் வந்தது. சாச்சி குளித்து, வெள்ளை உடுத்து, பாயில் சாய்ந்துகொண்டார். ஏறாவூரிலிருந்து உம்மா வந்தார். பெண்கள் கொட்டிலும் முற்றமும் நிறைய இருந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். லுஹர் போனது, அஸர் போனது. வெற்றிலைத் தட்டம் இரண்டு தடவை காலியானது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் சாச்சி எழுந்து உளூச் செய்து தொழுதார். பிறகு யாருடைய முகத்தையும் பார்க்காமல், "கொஞ்சம் கஞ்சி தாறியா மகள்" என்று என்னிடம் கேட்டார். பெண்கள் ஒவ்வொருவராகச் செருமிக்கொண்டு எழுந்தார்கள். மாப்பிள்ளை வராத கலியாண வீட்டிலிருந்து போவதுபோலச் சொல்லாமல் போனார்கள்.

மறுநாள் காலை கொட்டில் கதவு திறந்தது. சாச்சி வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னும் இரிக்கன் மகள். பொறுத்துக்கோ."

 அப்படிச் சொல்லாதீர்கள் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைத் திறந்ததும் அதுதான் முதல் பேச்சு. முதல் மாதம் நான் கையைப் பிடித்தேன். பிறகு, விடுங்க சாச்சி என்றேன். மூன்றாவது பிள்ளையும் பிறந்து, அடுப்பும் தொட்டிலுமாக அல்லாடுகிற காலத்தில் அவர் சொல்லும்போது நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றேன். அந்த "ம்" எத்தனை காலைகளில் என் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது நல்லதுதான்.

அவர் தெருவில் இறங்குவதை நிறுத்திவிட்டார். பிழை பொறுத்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்பார். ஊரும் லேசுப்பட்டதல்ல. கடையில் என்னைக் கண்டால், ஒங்கட சாச்சி இன்னும் இரிக்காவா என்று குரலைத் தாழ்த்தி விசாரிக்கும். சாரன் கேட்டு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். தறி நல்லாத்தான் இருந்தது, நூலும் இருந்தது. "நாள் சொல்ல ஏலாத ஆள் ஓடர் எடுக்கப்படாது" என்றுவிட்டார்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். துணிக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. எங்கள் தெருவில் ஒரு கிழவர் மவுத்தானபோது கபனுக்குத் துணி கிடைக்காமல் அலைந்தார்கள். சாச்சி பெட்டியைத் திறந்து தன் கபனை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டார், நான்தான் பிந்திவிட்டேன் என்றார். அரிசிக்குக் கூப்பன் கொடுத்தபோது ஊர் விதானையாரிடம் ஆள் அனுப்பி, தன் பெயரை வெட்டிவிடச் சொன்னார். தவணை முடிந்த ஆளுக்கு எதற்கு அரிசி என்று கேட்டாராம். விதானையார் சிரித்து ஊரெல்லாம் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. நெல் மூட்டை வைக்க இடமில்லை என்று முணுமுணுப்பார். தறிக்கொட்டிலைக் கண்ணாலே அளப்பார். வாய் திறந்து சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் காலையில் கொட்டில் கதவின் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் மனம் ஆறும். ஆறின கையோடு, இன்றைக்கும் இல்லையா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கும். அதை நான் கூப்பிடவில்லை. போ என்று விரட்டவும் இல்லை. சாச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பொறுத்துக்கோ என்று சொன்னார் என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இரண்டு வருசம் இப்படியே போனது. ஒருநாள் நடுப்பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சாச்சியையும் கூட்டிக்கொண்டு புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார். பிள்ளைக்கு மருந்து எழுதி முடித்ததும் சாச்சி அவரிடம், தவணை முடிந்த ஆள் என்ன செய்யவேண்டும் ஐயா என்று கேட்டார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கதையைச் சொன்னேன். அவர் சாச்சியைப் படுக்கவைத்து, தழும்பைப் பார்த்து, வயிற்றை அழுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த வாவியில ஒரு தோணி கவிழுது எண்டு வையுங்கோ. எத்தினை பேர் கரை ஏறினவை எண்டு கரையில நிக்கிற சனம் பொழுதுபடுமட்டும் நிண்டு எண்ணும். பொழுதுபட்டா எண்ணுறதை விட்டிட்டு வீட்டை போயிடும். அதுக்காகக் கரை ஏறின ஆக்களும் பொழுதோட சாகவேணும் எண்டு சட்டமோ? அஞ்சு வருசம் எண்டது நாங்கள் எண்ணி முடிக்கிற நாள். நீங்கள் எப்பவோ கரை ஏறிட்டியள்."

சாச்சி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கைக்குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, என்னோடு வந்த கதிரவெளிப் பெண்ணுக்கும் இதே கணக்குத்தானா என்று கேட்டார்.

"ஓம் அம்மா. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்ன கணக்குத்தான். அதில ஆர் ஏறுவினம், ஆர் தாழுவினம் எண்டு கணக்குக்குத் தெரியாது."

அவவுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன் என்று சாச்சி மெல்லச் சொன்னார். 

பெற்றோல் இல்லாத காலம், பஸ் கிடைப்பது அரிது. தோணியில்தான் ஊர் திரும்பினோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எனக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. ஒன்றையும் செய்யவில்லை. சாச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் பேசினார்.

"கரையில நிண்டு எண்ணுற ஆக்கள் எண்டு அந்த டாக்குத்தர் சொன்னாரே, மகள்."

"ஓம் சாச்சி."

"நீயும் எண்ணினியா?"

"இல்ல சாச்சி" என்றேன்.

"ம்" என்றார் சாச்சி.

அடுத்த நாள் காலை கொட்டில் கதவு திறந்தது. அவர் வெளியே வந்து, கிணற்றில் அள்ளி முகம் கழுவி, தறிக்குப் போய் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எந்தக் காலையிலும் சொல்லவில்லை. அவர் சொல்லமாட்டாரா, நான் இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டேனா என்று அடுப்படியில் எத்தனையோ நாள் காத்து நின்றிருக்கிறேன். ஏசினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார், சட்டைக்குத் துணி நெய்து கொடுத்தார், என்னிடம் உப்பு புளி கேட்டு வாங்கினார். கொட்டிலை விட்டுப் பழையபடி வீட்டுக்குள் வாருங்கள் என்று நான் கெஞ்சியபோது, கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு நல்ல சிரிப்புத்தான். நான்தான் அதில் வேறு எதையாவது தேடினேன்.

யுத்தம் முடிந்து, துணி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் சாச்சி மவுத்தானார். வயிற்று வருத்தம் இல்லை, சளிக்காய்ச்சல். ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டது. அந்த ஒரு கிழமையும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், கரண்டியால் கஞ்சி பருக்கினேன். பிழை பொறுக்கக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். கேட்டால் அவர் மவுத்தாகப் போகிறார் என்று நானே சொல்வதுபோல ஆகிவிடும், திரும்பவும் நாள் எண்ணுகிறாள் என்று நினைத்துவிடுவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

குளிப்பாட்டிக் கபன் சுற்றினார்கள். முகத்தை மூடுவதற்கு முந்திச் சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனார்கள். என் முறை வந்தது. காதோரம் குனிந்து, பொறுத்துக்கொள்ளுங்க சாச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் முந்திக்கொண்டு வந்தது. இறந்தவர் மையத்தின் மேல் கண்ணீர் விழக்கூடாது என்பார்கள். குளிப்பாட்டின பெண் என் தோளைப் பிடித்தார்.

"படப்போகுது மகள், விலகு" என்றார்.

விலகினேன். அந்தப் பெண் சாச்சியின் முகத்தை மூடினார்.